214-ஆம் அறை மீது ஒரு புகார்

மூட்டைப்பூச்சி கடித்தால் எல்லோருக்கும் தடித்துவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. என் தோலில் ஒரு புள்ளிகூட வராது. என் ஏழு வயது மகளுக்கு மட்டும் கால் மணி நேரத்தில் கை, கால், முகமெல்லாம் திட்டுத்திட்டாக வீங்கிவிடும். வீட்டில் அவளைச் சிட்டு என்று கூப்பிடுவோம்.

நீங்கள் எழுதிக்கொள்வதால் நிதானமாகவே சொல்கிறேன், ஐயா. நான் கடைத் தராசுகளைப் பழுது பார்ப்பவன். ஊர் ஊராகப் போகிற வேலை. ஒரு விடுமுறையில் சிட்டுவையும் கூட்டிப்போனேன். தங்கிய ஓட்டலில் நிஜமாகவே மூட்டைப்பூச்சி. கீழே போய்ச் சொன்னேன்.

"எங்க ஓட்டல்ல அதெல்லாம் கிடையாது சார். நீங்கதான் பையில கொண்டு வந்திருப்பீங்க" என்றான் வரவேற்பில் இருந்தவன்.

எனக்கு ரத்தம் கொதித்தது. சிட்டுவைத் தூக்கி வந்து அவன் மேசைமேல் உட்கார வைத்தேன். அறையைக் காலி செய்கிற நேரம். கூடம் நிறைய ஆட்கள். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். வாடகை திரும்பி வந்தது, நஷ்டஈடும் வந்தது. மேனேஜர் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

வீட்டில் பையை உதறியபோது நாலைந்து பூச்சிகள் விழுந்தன. நசுக்கத்தான் போனேன். வரவேற்பில் அவன் சொன்னது நினைவுக்கு வந்தது. மாத்திரை டப்பாவில் போட்டு, அதன் வாயில் மெல்லிய துணி கட்டினேன். வாரம் ஒருமுறை டப்பாவை என் கையில் கவிழ்த்து வைப்பேன். என் ரத்தத்தைத்தான் கொடுத்தேன். அடுத்தவரைத் தொந்தரவு செய்யவில்லை.

பிறகு இன்னும் இரண்டு ஓட்டல்கள். விடிந்த பிறகும் சிட்டுவை நன்றாகத் தூங்க விட்டு, அவள் முழங்காலில் டப்பாவை வைப்பேன். மூன்றாவது ஓட்டலில் விழித்துவிட்டாள்.

"பூச்சி டப்பா வேணாம்பா. ரொம்ப எரியுது."

"கொஞ்ச நேரந்தான்டா செல்லம். அப்புறம் நீச்சல் குளத்துக்குப் போலாம்."

கூட்டிப்போனேன். குழந்தைகளிடம் சொன்ன சொல் தவறக்கூடாது.

அந்தத் தடவை உதடும் வீங்கியது. "ஒவ்வொரு தடவையும் அதிகமாகும். இன்னொரு தடவை கடிச்சா தொண்டை அடைச்சு மூச்சே நின்னுடலாம். உடனே இந்த ஊசியைப் போட்டுடுங்க" என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். வாங்கினேன். எப்போதும் பையிலேயே வைத்திருந்தேன். என் மனைவியிடம் சொல்லவில்லை. அவள் சின்ன விஷயத்துக்கும் ஊரைக் கூட்டிவிடுவாள்.

நான்காவது ஓட்டலில் எங்களுக்கு 214-ஆம் அறை. காலை பத்தரை மணிக்குச் சிட்டுவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஊசியைக் கையில் எடுத்தேன், ஐயா. அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஊசி போட்டால் வீக்கம் வடிந்துவிடும். வடிந்துவிட்டால் மேனேஜரிடம் எதைக் காட்டுவது? மறுபடியும் பையில் வைத்துவிட்டு, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே போனேன்.

வரவேற்பில் ஆறு பேர் நின்றிருந்தார்கள். கடைசியில் போய் நின்றேன். முந்தியடித்துப் போகிற பழக்கம் எனக்குக் கிடையாது. நாலு பேர் போன பிறகு, முன்னால் நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்து, "ஐயோ, குழந்தைக்கு உதடெல்லாம் நீலமாயிருக்கே" என்று அலறினார். அப்போது சிட்டு இழுப்பதை நிறுத்தியிருந்தாள். தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

ஊசியின் உறை பிரிக்கப்படவில்லை என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பூச்சிகளை விட்டது நான்தான், ஊசியைப் போடாததும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிடாமல் எழுதுங்கள். பிறகு ஓட்டல்காரர்கள் தேடியபோது 309-ஆம் அறையிலும் பூச்சி இருந்ததாம். நான் அந்த மாடிக்கே போகவில்லை. மற்ற மூன்று ஓட்டல்களிலும் வெறும் தடிப்புக்கே மன்னிப்புக் கேட்டார்கள். இங்கே என் குழந்தையே போய்விட்டாள். இதுவரை ஒரு வரி வருத்தம் தெரிவிக்கவில்லை. ஒரு தாள் கொடுங்கள், ஐயா. அந்த மேனேஜருக்கு எழுத வேண்டும்.