கீழமணல்குடி வரைபடம்

சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். குற்றாலத்திலிருந்து இலஞ்சி வழியாகத் தென்காசிக்கு வரும் சாலை. சாரல் விடவில்லை... ஆள் நடமாட்டமும் இல்லை. ஸ்கூட்டரில் தனியாக வந்துகொண்டிருந்தார் ஆனந்தவள்ளி. என் சிநேகிதன் முத்துச்செல்வத்தின் சித்திதான். கல்லூரியில் வரலாறு நடத்துகிறவர்.

கீழமணல்குடி என்று ஒரு மீனவர் ஊர். எழுபது வருடத்துக்கு முன்னால் கடல் கொண்டுபோய்விட்டது. தப்பியவர்களின் பேரப்பிள்ளைகள் கரையில் இடம் கேட்டால், அப்படி ஓர் ஊரே பதிவில் இல்லை என்று அதிகாரிகள் கையை விரித்தார்கள். அவர்களுக்காக எட்டு மாதம் அலைந்தார் ஆனந்தவள்ளி. ஓரிடத்தில் பதிவேட்டைக் கரையான் தின்றிருந்தது. இன்னோரிடத்தில் வேண்டிய அந்த ஒரு தாள் மட்டும் இல்லை. வரும் திங்கட்கிழமை விசாரணை.

இந்தச் சாரல் நாளில்தான் குற்றாலத்தில், ஓய்வுபெற்ற சர்வேயர் நெல்லையப்பனிடம் பழைய வரைபடம் கிடைத்தது. கோவில், கிணறு, வீடுகள்... எல்லாம் அதில் இருந்தன. கேட்டதுமே தூக்கிக் கொடுத்துவிட்டார்.

“கொண்டு போயிருங்க டீச்சர்... இது கெடந்தா வீட்டுல உறங்க முடியல.”

வயல்களுக்கு நடுவே வண்டி நின்றுவிட்டது. உதைத்து உதைத்துப் பார்த்தார். ம்ஹூம். அப்போது... கருவாட்டு வாடை. மலையடிவாரத்தில்! அப்புறம் ஒரு சத்தம். அருவி என்றால் ஒரே சீராக இரையும். இது வந்தது... பின்வாங்கியது... மறுபடி வந்தது.

முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் குரல்.

“தாயி... எங்க வீடு அதுல இருக்கா?”

திரும்பினார். யாருமில்லை.

வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். இவருக்கு எட்டு மாத ஆத்திரம்.

“இருக்கு! எல்லார் வீடும் இருக்கு! திங்கக்கெழம காட்டத்தான போறேன், பொறுங்களேன்!”

வாடை நின்றது. வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது.

திங்கட்கிழமை. அதிகாரியின் மேசையில் வரைபடத்தை விரித்தார். கோவில் இல்லை. கிணறு இல்லை. ஒரு வீடு இல்லை. தாள் முழுக்க நீலம்.

“என்ன மேடம், வெறும் கடலைக் கொண்டாந்திருக்கீங்க?”

காலையில் பைக்குள் வைக்கும்போதுகூடப் பார்த்தாரே! சொன்னால் யார் நம்புவார்கள்? மனு தள்ளுபடி.

பஸ்ஸில் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தார். தனி வீடு. போட்ட பூட்டு போட்டபடி இருந்தது. திறந்தார்.

கூடமெங்கும் ஈர மணல். அதில் காலடிகள்... பெரியவை, சின்னவை, தவழும் பிள்ளையின் உள்ளங்கை. எல்லாம் உள்ளே போயிருந்தன. ஒன்றுகூட வெளியே வரவில்லை.

உள்ளறையில் யாரோ பாயை உதறி விரித்தார்கள்.