நொந்த குதிகாலுக்குச் சுமை

தேனியிலிருந்து ஓடைப்பட்டி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு புருஷன் பெண்டாட்டி. அந்த மனிதர் சொன்னதைக் கேட்டுத்தான் ஜன்னலிலிருந்து தலையைத் திருப்பினேன்.

“நொந்த காலுக்குச் சொமை ஏத்தச் சொல்றாக. அவுகளெல்லாம் ஒரு டாக்டரா?”

“முழுசாக் கேட்டீகளா? கெண்டைச் சதையக் குதிகாலோட கட்டுற நாணுக்குள்ள உசுருள்ள செல்லு இருக்காம். இழுப்பு பட்டாத்தான் அதுக்குத் தெரியுமாம், புதுசா நாரு போட்டு இறுக்குமாம். சும்மாவே கெடந்தா நொய்ஞ்சு போகுமாம்.”

“மாசக்கணக்கா ஒன்னைய அசைய விடாமத் தாங்குனேனே, அது தப்பா புள்ள?”

“தப்புதான்! கட்டில்லயே போட்டு வச்சீக. அறுப்பு வந்ததும் திராட்சைப் பந்தலுக்குப் பத்தி விட்டீக. பகல் பூரா நுனிக்கால்ல நின்னு பழக்கொலை வெட்டுனா நொய்ஞ்ச நாணு வலிக்காம என்ன செய்யும்? இப்ப பந்தல்ல என் எடத்துல வேற ஒருத்தி நிக்கிறா.”

“கத்தாத, எல்லாரும் பாக்குறாக. பையக் குடு, நான் தூக்கியாரேன்.”

“ஒண்ணும் வேணாம். சொமையக் கொஞ்சங்கொஞ்சமா ஏத்திக்கிட்டே வரணும்னாக. அடுத்த அறுப்புக்கு அந்தப் பந்தலுக்கடியில நாந்தேன் நிப்பேன். குறுக்க வந்து ‘உக்காரு, உக்காரு’ன்னீக, அம்புட்டுத்தேன்!”

பஸ் நின்றது. படியில் கால் வைத்தபோது அவள் முகம் சுருங்கியது. அவர் கை பைக்கு நீண்டது. அவள் பையைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினாள்.