முந்தானையில் அரிசி

மலேசியாவில், செனாவாங்கிலிருந்து சிரம்பான் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பேர். அறுபது தாண்டியிருக்கும். ஒருவர் முன்னாள் ராணுவக்காரர். நாடகமாகப் போட்ட தன் காட்டுச் சண்டைக் கதையை இப்போது படமாக எடுக்கிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

“பொணமா படுத்திருந்த நடிகன் வாயில நெஜமாவே வாய்க்கரிசி போட்டுட்டாங்கடா.”

“யாரு?”

“நம்ம மணியோட அம்மா. மணி சாவு சீன், புக்கிட் பெலண்டோக்ல ஷூட்டிங். சுத்தி நின்னு அழறதுக்கு எஸ்டேட் ஆளுங்களக் கூப்பிட்டோம். அவங்க முந்தானையில அரிசி முடிஞ்சிட்டு வந்தது யாருக்கும் தெரியாது.”

“ஐயோ! மணி செத்தப்போ போடலையா?”

“எப்படிப் போடறது? எங்கூட காட்டுல இருந்தப்போ குண்டு வெடிச்சு செத்தவன். பெட்டியக் கொண்டாந்தவன் நான். தொறக்க வேணாம்னு அவங்க கையப் புடிச்சவனும் நான்தான்.”

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

“நடிகன் எந்திரிச்சிட்டானா?”

“அசையவே இல்ல லா. டைரக்டருக்கு ஒண்ணும் தெரியாது. பிரமாதம், இன்னொரு டேக்னு கத்தினாரு.”

“நீ நிறுத்தலையா?”

“நிறுத்தத்தான் ஓடினேன். அதுக்குள்ள அவங்க என்னைப் பாத்து, ‘இன்னொரு தடவ போடலாமாப்பா?’ன்னு கேட்டாங்க.”