மாமனாருக்குக் கடல் காற்று

பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து, ஜிப்பைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தேன். பாதியில் நின்றுவிட்டது. உள்ளே என் மனைவி மகேஸ்வரி பருப்புப் பொடி, பூண்டு ஊறுகாய், துண்டில் சுருட்டிய முறுக்கு என்று ஒரு சின்ன மளிகைக் கடையையே வைத்திருந்தாள். தீவில் மனிதர்கள் மணலைத் தின்று உயிர் வாழ்கிறார்கள் என்று அவளுக்கு எண்ணம். வாசலில் வாடகைக் கார் ஹாரன் மேல் ஹாரன் அடித்தது. மதுரையில் விமானம் யாருக்காகவும் காத்திருக்காது.

"ஏங்க, இன்னுமா அதோட மல்லுக்கட்டிட்டு இருக்கீங்க? கீர்த்தனாவச் செத்த நேரம் மேல உக்காரச் சொல்லுங்க."

அப்போதுதான் என் போன் அடித்தது.

முதலிலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள் இன்ஸ்பெக்டர் சார். இதுதான் முதல். கோபம், குடி, சொத்துத் தகராறு என்று நீங்கள் எதிர்பார்த்த எதுவும் இதில் இல்லை. மன்னிக்கவும். ஒரு ஜிப்பில்தான் தொடங்கியது.

நான் பூ கமிஷன் கடைக்காரன். திண்டுக்கல்லில் என்னை மணிமாறன் என்று சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது, பூக்கடைக்காரர் என்றால் எல்லாருக்கும் தெரியும். ஊரே தூங்கும்போது எழுந்து மல்லியும் செவ்வந்தியும் ஏலம் போட்டு, ஊர் எழுந்திருக்கும்போது தூங்கலாமா என்று யோசித்து, அதற்குள் அடுத்த லோடு வந்துவிடும். அடுத்தவன் கல்யாணம், அடுத்தவன் கருமாதி, அடுத்தவன் சாமி, எல்லாவற்றுக்கும் நான் ஓடினேன். எனக்கென்று ஓய்வு என்றால் பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்த நேரம்தான்.

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. போனால் அப்போதுதான் போக முடியும். கொடைக்கானல் என்றேன். "நம்ம ஊர் டீக்கடைக்குப் போற மாதிரி இருக்குப்பா அது" என்றாள் மகள் கீர்த்தனா. அவள்தான் அந்தமானைக் கண்டுபிடித்தாள். போனை என் மூக்கருகே நீட்டி வாசித்தாள். வெள்ளை மணல், தென்னைகளுக்கு நடுவே தொங்கும் ஊஞ்சல், மனசும் உடம்பும் லேசாகிவிடும் தீவு. அதிலும் ஒரு விசேஷம், அங்கே போனில் சிக்னல் கிடைக்காதாம். அதைக் குறை என்று சொல்லாமல் வசதி என்று போட்டிருந்தார்கள். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது.

வீட்டில் இன்னொருவருக்கும் பிடித்துப்போயிற்று. என் மாமனார் பொம்மையன். குஜிலியம்பாறைப் பக்கம் வானம் பார்த்த காட்டில் கடலையும் சோளமும் போட்டவர். மாமியார் போனபின், இடுப்பு எலும்பும் உடைந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். தூக்கி உட்கார வைத்தால் உட்காருவார். நினைவு ஒருநேரம் தெளிவாக இருக்கும், ஒருநேரம் காட்டில் ஆடு மேய்க்கப் போய்விடும்.

"கடலுக்கா போறீங்க? நானும் வாரேன் மாப்ள" என்றார். "ஆயுசு பூரா ஒரு தூத்தலுக்கு மானத்த அண்ணாந்து பாத்தே கழுத்து வலிச்சுப் போச்சு. அம்புட்டுத் தண்ணியவும் ஒரே எடத்துல ஒருக்காப் பாத்துப்புடுறேன்."

"பாக்கலாம் மாமா" என்றேன். எங்கள் வீட்டில் பாக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். அவருக்கு மட்டும் அது தெரியாது. புறப்படும் நாள் காலையிலேயே வெள்ளைச் சட்டையைப் போட்டுவிடச் சொல்லி, நான்கு இட்லியைத் தின்றுவிட்டு, கட்டிலில் தயாராக உட்கார்ந்திருந்தார்.

போனுக்கு வருகிறேன். கூப்பிட்டது நெய்க்காரப்பட்டியில் இருக்கும் கௌசல்யா, என் மனைவியின் தங்கை. நாங்கள் போய்வரும் வரை வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. கொங்குப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் பேச்சு முழுக்க மாறிவிட்டவள். கெட்ட செய்தியைக்கூட மரியாதையோடுதான் சொல்வாள்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. எங்க பங்காளி ஊட்டுல பெரியவரு தவறிட்டாருங்க. தீட்டோட எப்படிங்க அங்க வர்றது? பதினாறு கழியோணுமுங்க. அக்காகிட்டக் குடுங்க, நானே சொல்லிப்போடறேன்."

"வேணாம்மா. கேட்டா அவ பயணத்தையே நிறுத்திருவா. இங்கயே ஒரு நர்ஸ் அம்மாவ ஏற்பாடு பண்ணிட்டேன். நீ அவளுக்குப் போன் போடாத, பதறிருவா."

எப்படி அவ்வளவு சரளமாக வந்தது என்று எனக்கே ஆச்சரியம். ஏலக்கடையில் நின்ற வாய்.

மனைவியிடம், கௌசல்யா பஸ்ஸில் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னேன். பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நீயும் கீர்த்தனாவும் கோட்டை மாரியம்மனுக்கு ஒரு தேங்காய் உடையுங்கள், அப்படியே மதுரை பைபாஸில் நம் பூ ஷெட்டுக்கு வந்து என்னை ஏற்றிக்கொள்ளுங்கள், அதற்குள் அப்பாவைத் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு வருகிறேன் என்றேன். அவள் அப்பாவின் கன்னத்தைத் தொட்டு, "கௌசி வந்துருவாப்பா, சமத்தா இருக்கணும்" என்றாள். கார் கிளம்பியது.

கஞ்சியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவர் போய்விட்டிருந்தார்.

நீங்கள் என் இடத்தில் நின்று பாருங்கள் சார். உரக்கச் சொன்னால் என்ன ஆகும்? பந்தல், பாடை, காடு, பதினாறு நாள். அப்பனை இழந்த மகளைத் தலைத்திவசம் முடியுமுன் எந்தக் கடலுக்கும் அனுப்ப மாட்டார்கள் எங்கள் சொந்தக்காரர்கள். அடுத்த மார்கழிக்கு இன்னொரு பங்காளி தயாராக இருப்பார். இறந்தவர் ஒரு வாரம் கழித்துப் பார்த்தாலும் இறந்தவர்தான். விமான டிக்கெட் அப்படியல்ல, அன்றைக்கே செத்துவிடும். எது அவசரம் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஷெட்டின் பின்னால் எனக்கு ஒரு கோல்டு ரூம் உண்டு. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மல்லி மலராமல் இருக்கப் போட்டு வைக்கும் அறை. மார்கழியில் காலி. மூலையில் இரண்டு கூடை செவ்வந்தி மட்டும் கிடந்தது. உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி உடைந்து வெகுநாளாகிறது. ரிப்பேர் செய்யணும் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். சுவர் கனமானது, உள்ளே கத்தினாலும் வெளியே கேட்காது. போன ஆவணியில் என் கடை ஆள் முருகேசன் மாட்டிக்கொண்டு தெரிந்துகொண்ட விஷயம் அது.

வேனில் வெறுங்கூடைகளுக்கு நடுவே கொண்டுபோனேன். நாற்காலியில் உட்கார வைத்தேன். தரையில் போட மனசு வரவில்லை. மங்கி குல்லா மாட்டினேன். இரண்டு கம்பளி போர்த்தினேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது கார் வந்து நின்றது. மகேஸ்வரி குங்குமத்தை என் நெற்றியில் இட்டாள். கோல்டு ரூம் கதவுக்கும் அவளுக்கும் நடுவே நான் மட்டும்தான் நின்றேன்.

"கௌசி வந்துட்டாளா? அப்பா என்ன சொன்னாரு?"

"பஸ்ஸ விட்டுட்டுக் கார்லயே வந்துட்டா. நெய்க்காரப்பட்டிக்கே கூட்டிட்டுப் போயிட்டா. தோப்புக் காத்து அவருக்கு நல்லதாம். போன்ல சார்ஜ் இல்லையாம், போய்ச் சேர்ந்து கூப்பிடுறேன்னா."

"சொல்லாமக் கொள்ளாமயா போச்சு எங்கப்பா" என்று சிணுங்கினாள். பைபாஸ் ஏறுவதற்குள் முறுக்கைப் பிரித்துவிட்டாள்.

அந்தமானைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், போகிறவர்களுக்கு உபயோகப்படும். கடல் நீலம்தான். மணல் வெள்ளைதான். ஊஞ்சலில் படுத்தால் முதுகு பிடித்துக்கொள்ளும், விளம்பரத்தில் அதைப் போடுவதில்லை. நெய்க்காரப்பட்டித் தோப்புகளில் சீந்த ஆளில்லாமல் கிடக்கும் இளநீரை ஒரு வெள்ளைக்காரர் சீசாவில் வைன் குடிப்பதுபோலச் சப்பிச் சப்பிக் குடித்தார். மகேஸ்வரி கடலைப் பார்த்துவிட்டு, "அப்பாவக் கூட்டிட்டு வந்திருக்கலாம்" என்று தினமும் சொன்னாள். சிக்னல் இல்லாததால் தங்கையைக் கூப்பிட அவளால் முடியவில்லை.

எனக்கு மட்டும் மனசு லேசாகவில்லை. கரண்டு கவலை. விடுதி அலுவலகத்தில் ஒரே ஒரு பழைய போன் இருந்தது. யாரும் இல்லாத நேரத்தில் முருகேசனைப் பிடித்தேன். கோல்டு ரூமில் கேஸ் கசிகிறது, பக்கத்தில் போகாதே என்று அவனுக்கு ஏற்கனவே சொல்லியிருந்தேன்.

"ஏலே முருகேசா, கரண்டு இருக்கா?"

"இருக்குண்ணே. கடல்ல நின்னுக்கிட்டு எதுக்குண்ணே கரண்டக் கேக்குறீங்க? ஆனா நாளைக்குப் பராமரிப்பாம், பகல் பூரா கட்டு."

"கோல்டு ரூமுக்கு ஜெனரேட்டரப் போட்டு விடு."

"உள்ள உருப்படியா ஒரு பூவும் இல்லையேண்ணே. டீசலுக்குப் பிடிச்ச கேடா?"

"போடுன்னா போடுலே."

"சரிண்ணே, கோவப்படாதீங்க. மீன் வெஞ்சனம் நல்லா இருக்காண்ணே அங்க?"

திரும்பி வந்தோம். மாமாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று வேனை எடுத்துக்கொண்டு போனேன். நெய்க்காரப்பட்டிக்குப் போய்வரும் நேரத்தை ஷெட்டில் கழித்தேன். வீட்டு வாசலில் வந்து நின்று, "வழியிலேயே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டார்" என்றேன். தொட்டவர்கள் சில்லிட்டுப் போச்சே என்று அழுதார்கள். அடுத்த நிமிடம் வாடகைக்கு ஐஸ் பெட்டி வந்துவிட்டது. அவருக்கு அது பழகிய இடம்.

எல்லாவற்றையும் யோசித்திருந்தேன் சார். போன், கரண்டு, கார், கேஸ் கசிவு. ஒப்பாரியை மறந்துவிட்டேன். நான் எத்தனை எழவு வீட்டுக்கு மாலை அனுப்பியிருக்கிறேன். மாலையை இறக்கிவிட்டு வந்துவிடுவேன், நின்று கேட்டதில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் சும்மா அழுவதில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டு, இறந்தவர் கடைசியாக எங்கே இருந்தார், யார் சோறு போட்டார், யார் வந்து பார்க்கவில்லை என்று ஒன்றுவிடாமல் ராகம் போட்டுச் சொல்லிவிடுவார்கள். உங்கள் விசாரணைகூட இவ்வளவு ஒழுங்காக இருக்காது.

கௌசல்யா தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். சொந்த அப்பன் சாவுக்கு எந்தத் தீட்டும் குறுக்கே நிற்பதில்லை. அக்காவின் தோளைக் கட்டிக்கொண்டு எடுத்தாள்:

"நர்சம்மா பாக்குறான்னு நம்பி இருந்தேனே, என்னப் பெத்த அப்பா, அக்கா ஊட்டு வாசப்படி மிதியாமப் போனேனே!"

மகேஸ்வரி அதே ராகத்தில் பதில் எடுத்தாள்:

"தங்கச்சி தோப்புலதான் தங்கி இருக்கீகன்னு, என்னப் பெத்த அப்பா, தண்ணிக்கு நடுவுல நான் சிரிச்சிருந்தேனே!"

இன்னொரு அடி இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். பிறகு ராகம் அறுந்தது. இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன.

"என் தோப்புலயாக்கா? அப்பா இங்கதானுங்க இருந்தாரு?"

"நீதானடி கார் கொண்டாந்து கூட்டிட்டுப் போன?"

பந்தலில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். கௌசல்யாவின் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். ஐஸ் பெட்டியைத் திறந்தார். விரலிடுக்கில் ஒரு இதழ் தெரிய மூடியிருந்த மாமாவின் வலது கையை விரல் விரலாகப் பிரித்தார். உள்ளே கசங்கிய செவ்வந்தி. அங்கிருந்து நேராக உங்களிடம் வந்தார்.

இதுவரை உங்களுக்கும் தெரியும். சாவை மறைத்த குற்றம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் பேனாவை மூடவில்லை. அந்த நாற்காலியின் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறீர்கள். இறந்தவருக்கு எதற்கு மங்கி குல்லா என்று கேட்கிறீர்கள்.

நல்ல கேள்வி. நான் சொன்ன வரிசையில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது.

நான் கொண்டுபோன கஞ்சியை அவர் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். துண்டால் வாயைத் துடைத்துவிட்டு, "கெளம்பலாமா மாப்ள?" என்றார். கெளம்பலாம் மாமா என்றேன். வேனில் அவர் படுத்து வரவில்லை, கூடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார். குல்லா மாட்டியதும் சிரித்தார். கொல்ல நினைக்கிறவன் கம்பளி போர்த்துவானா சார்? நாங்கள் திரும்பும்வரை தாங்குவார் என்றுதான் நினைத்தேன். அப்படியானால் கரண்டை அணைத்திருக்கலாமே, ஜெனரேட்டர் எதற்கு என்பீர்கள். மார்கழியில்கூட நம் ஊர் வெயிலுக்குப் பூ இரண்டு நாள் தாங்காது. நான் பூக்கடைக்காரன்.

கடைசியாக அவர் பக்கத்துக் கூடைக்குள் கையை விட்டு ஒரு பிடி செவ்வந்தியை எடுத்துக்கொண்டார். "தண்ணியப் பாத்ததும் போடணும்" என்றார். பிறகு கண்ணை மூடி மூச்சை நன்றாக இழுத்தார்.

"கிட்ட வந்துட்டோமா மாப்ள? கடக் காத்து சில்லுன்னு அடிக்குதே."

"வந்துட்டோம் மாமா" என்றேன். "கண்ணத் தெறக்காதீங்க, இந்தா காட்டுறேன்."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. பூவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நான் சத்தம் வராமல் கதவைச் சாத்தினேன். சாகும்வரைக்கும் அவர் கடற்கரையில்தான் இருந்தார் சார். அந்தக் குடும்பத்தில் அவர் ஆசையைத் தீர்த்து வைத்தவன் நான் ஒருத்தன்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.