சாய்ந்த பாறையும் நான் வெட்டிய அடிவாரமும்

மஞ்சு வந்து மடிசாயும் இந்த மலையூரின் மன்றத்தில் நடுநாயகமாக வீற்றிருக்கும் அவைத்தலைவர் அவர்களே! நான் பேசத் தொடங்கினால் நேரமாகும் என்று தெரிந்தே நாற்காலியில் வாகாகச் சாய்ந்துகொண்ட பெரியோர்களே! அடுப்பில் பாதி, ஆலையில் பாதி என்று வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! என்னோடு கல்லிலும் மண்ணிலும் கிடந்து புதிய சாலையை இட்ட தோழர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் என் வணக்கம்.

ஒப்பந்தக்காரனாகிய என்னை இந்த ஊர் ‘நேர்கோடு’ என்றுதான் அழைக்கும். வளைவைக் கண்டால் எனக்கு ஆகாது. எங்கே சிரிப்பு? மூன்றாவது வரிசையா? சிரியுங்கள், சிரியுங்கள். இன்னும் சற்று நேரத்தில் நீங்கள் சிரிக்க மாட்டீர்கள்.

அன்பர்களே! நம் மலைக்கு இரண்டு முகங்கள். ஒன்று, உறங்கும் குழந்தையின் முதுகைப் போல கிழக்கே மெல்ல மெல்லச் சரிந்து வரும் கீழ்ச்சரிவு. மற்றொன்று, உடைத்து வைத்த ரொட்டியின் ஓரம்போலச்  மேற்கே செங்குத்தாய் நிற்கும் மேற்சரிவு. எந்த முகத்தை நம்புவீர்கள்? மென்மையைத்தானே? நானும் நம்பினேன். பழைய திட்டப்படி கீழ்ச்சரிவின் அடிவாரத்தை வெட்டிச் சாலை போட இறங்கினேன்.

அப்போது ஒருவர் தடுத்தார். பாறைகளை அளந்து படம் வரையும் பணியில் இருக்கும் என் அண்ணி. கடைசி வரிசையில் உட்கார்ந்து, “என்னை எதுக்கு இழுக்கிறீங்க” என்பதுபோல் தலையைக் குனிந்துகொள்கிறாரே, அவர்தான்!

ஒரு முற்பகலில் என்னை மலைமுகட்டுக்கு அழைத்துப் போனார். காலடியில் வெண்பஞ்சாய் மூட்டம். அதற்குக் கீழே ஊர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. குரல்கள் மட்டும் மிதந்து வந்தன, யாரோ உறக்கத்தில் பேசுவதுபோல. அண்ணி ஒரு பாறைப் பலகையின் மேல் என் கையை எடுத்து வைத்தார். கல்லிலே அலை! கரையோர ஈரமணலில் காற்றும் நீரும் போடுமே, அதே சின்னச் சின்ன வரிகள்.

“தம்பி, நீங்க நிக்கிறது கடலோட அடி” என்றார்.

“கடலா? இங்கேருந்து கடலுக்குப் போகணும்னா ரெண்டு நாளு ஆகும் அண்ணி!”

“நாம போக ரெண்டு நாளு. அது போயி எத்தனையோ கோடி வருஷம்.”

என்ன ஒரு கனவு, அன்பர்களே! மணல் படிந்து, அதன்மேல் சேறு படிந்து, சேற்றின்மேல் மீண்டும் மணல் படிந்து, இறுகி இறுகிக் கல்லானதாம். பின்பு பூமி ஒருக்களித்துப் படுத்ததாம். அடுக்குகள் அத்தனையும் கிழக்கே சாய்ந்தனவாம். மென்பாறை விட்டுக்கொடுத்த இடத்தில் ஆறு ஓடிற்று, பள்ளத்தாக்கு பிறந்தது. வன்பாறை விட்டுக்கொடுக்க மறுத்த இடத்தில் மலை நின்றது. நாம் பார்க்கும் மேடும் பள்ளமும் உள்ளே படுத்திருக்கும் கல்லின் கிடப்பு! அதை அறியாமல் மேல்தோலைப் பார்த்து மனக்கோட்டை கட்டுகிறோமே, நம்மை என்னவென்று சொல்வது?

“கிழக்குப் பக்கம் சரிவும் பாறையும் ஒரே பக்கமா சாயுது தம்பி. நடுவுல வழுக்குற களிமண். அடிவாரம்தான் அதை முட்டுக் குடுத்துத் தாங்குது. அதைப் போயி வெட்டாதீங்க.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அண்ணி, நீங்க கல்லப் பாத்துப் பாத்து எதுக்கெடுத்தாலும் பயப்படுறீங்க” என்றேன்.

விட்டாரா அவர்? கீழ்ச்சரிவின் அடியில் தையற்கடை வைத்திருந்த அக்காவிடம் என்னை இழுத்துப் போனார். துணி வெட்டும் பலகையின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். அதன்மேல் முரட்டுத் துணி மடிப்புகள். இரண்டு மடிப்புக்கு நடுவே வழவழப்பான லைனிங் துணி. கீழ்முனையைக் கையால் தாங்கிப் பிடித்தார்.

“இந்தக் கைதான் அடிவாரம். நீங்க செய்யப்போறது இதுதான்” என்று கையை எடுத்தார். மேல்மடிப்புகள் அத்தனையும் ஓசையே இல்லாமல் சறுக்கி என் செருப்பின்மேல் விழுந்தன.

தையற்கடை அக்கா சொன்னார்: “ஏம்மா, மலை பாட்டுக்குச் சிவனேன்னு படுத்திருக்கு. அதப்போயி என் துணியோட சேத்துப் பேசுறியே!”

நான் சிரித்தேன். மறுநாளே எந்திரத்தை இறக்கினேன்.

பதினொரு நாள் வெட்டினேன். பிறகு மழை பிடித்தது. நான்கு நாள், நிற்காத மழை. ஐந்தாம் நாள் காலை, தையற்கடை அக்கா ஆள் அனுப்பினார்: “கதவு சாத்த மாட்டேங்குது. நிலை கோணிக்கிச்சு.” நான் போய்ப் பார்த்தேன். கதவு மட்டுமா? வேலிக்கம்புகள் எல்லாம் ஒரே திசையில் தலைசாய்த்து நின்றன. மேலே ஏறினேன். புல்லுக்குள் ஒரு வெடிப்பு. அதன் இருபுறமும் முளை அடித்து, குடையைத் தோளில் இடுக்கியபடி அண்ணி நாடாவால் அளந்துகொண்டிருந்தார்.

“நேத்து ஒரு சாண். இன்னைக்கு ஒரு முழம்” என்றார். “நான் அப்பவே சொன்னேனே” என்ற ஒரு சொல், ஒரே ஒரு சொல், அவர் வாயிலிருந்து வரவில்லை. வந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். சண்டை போட்டிருப்பேன். அவர் என் முகத்தைப் பார்த்து, “எத்தனை வீடு தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

இருபத்துமூன்று வீடுகள்! மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்க நேரமில்லை. மண் சுமந்த என் லாரிகளில் மனிதர்களை ஏற்றினோம். கட்டில் வந்தது, கண்ணாடி வந்தது, கைக்குழந்தை வந்தது. தையற்கடை அக்கா மட்டும் வாசலில் மல்லுக்கு நின்றார்.

“நூத்தம்பது சீருடை பாதியில கெடக்கு. நான் வரமாட்டேன்.”

“அக்கா, மெஷினோட தூக்கிட்டுப் போறேன். ஏறுங்க!”

“நீ வெட்டுனதாலதானே இது?”

“ஆமாக்கா” என்றேன். அந்த ஒரு சொல்லைக் கேட்டபிறகுதான் அவர் ஏறினார். அவர் கடையின் பதினொரு தையல் எந்திரங்களும் பள்ளிக்கூடத்து மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

பிற்பகல் மூன்று மணி. இடியோசை கேட்கும் என்று எண்ணியிருந்தேன். இல்லை, அன்பர்களே, இல்லை! ஒரு நெடிய பெருமூச்சு. அவ்வளவுதான். மரங்கள் நின்ற நிலையிலேயே, கிளை கலையாமல், கூட்டிலிருந்த குருவி எழாமல், ஒரு தோப்பே மெல்ல மெல்ல நடந்து வந்தது, கனவில் நடப்பவரைப் போல. அந்தத் தோப்பு வந்து நின்ற இடத்தில் இருபத்துமூன்று வீடுகளும் இல்லை.

மழை மிச்சக் களிமண்ணையும் கழுவிவிட்டது. மறுநாள் வெயில் பட்டபோது, மலையின் உரிந்த முதுகில், அடி முதல் முடி வரை, அலை! அலை! அலை! ஒரு கடலடி முழுவதும் ஒருக்களித்துக் கண்முன் கிடந்தது. ஓர் உயிரும் போகவில்லை.

ஓர் உயிரும் போகவில்லை என்பதற்காகத்தான் இன்று எனக்கு இந்தப் பாராட்டு. “தக்க தருணத்தில் முன்னறிந்து ஊரைக் காத்தவர்” என்று இந்தப் பட்டயத்தில் பொறித்திருக்கிறீர்கள். மூன்று ஆண்டுகளாக நீங்கள் அப்படித்தான் சொல்கிறீர்கள். மூன்று ஆண்டுகளாக நான் மறுக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முன்னறிந்தவன் நானா? அறிந்தும் வெட்டியவன் நான்! காத்தவன் நானா? காக்க வேண்டிய நிலைக்கு ஊரைக் கொண்டுவந்தவன் நான்! உட்காருங்கள் ஐயா, தடுக்காதீர்கள். அண்ணி முன்பே எச்சரித்தது தையற்கடை அக்காவுக்குத் தெரியும். அண்ணிக்குத் தெரியும். இருவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர்கள் காத்த மௌனத்தில் நான் குளிர்காய்ந்தது போதும்.

இன்று திறக்கும் சாலை செங்குத்தான மேற்சரிவில் போகிறது. அங்கே பாறை மலைக்குள்ளே சாய்ந்திருக்கிறது. எப்போதாவது ஒரு கல் உதிரும், மலை உதிராது. அந்த வழியை அடி அடியாய் அளந்து சொன்னவரும் அண்ணிதான்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், தலைவர் அவர்களே! அதே கீழ்ச்சரிவின் தென்கோடியில், அதே சாய்ந்த பாறையின் அடியில், புதிய மருத்துவமனை கட்டும் பணியை எனக்குத் தந்திருக்கிறீர்கள். நாளை மறுநாள் நான் கையெழுத்திட வேண்டும். இட மாட்டேன்! நோயாளிகள் படுத்திருக்கும் கட்டிலுக்கு மேலே இன்னொரு தோப்பு நடந்து வர நான் அடிபோட மாட்டேன். அண்ணி அந்தச் சரிவை நடந்து பார்த்து, “கட்டலாம்” என்றால் கட்டுவோம். “வேண்டாம்” என்றால் இடத்தை மாற்றுவோம். இதை இந்த அவையின் முன்னால் கேட்கிறேன். அண்ணி, வருவீர்களா?

என்ன? சத்தமாகச் சொல்லுங்கள், ஒலிபெருக்கி என்னிடம்தான் இருக்கிறது! அமைதி, அமைதி... அண்ணி பேசுகிறார்.

“காலைல ஆறு மணிக்குக் கிளம்பணும் தம்பி. இந்தத் தடவ நான் சொல்லச் சொல்ல நீங்கதான் எழுதிக்கணும்.”

கேட்டீர்களா, அன்பர்களே? எழுதிக்கொள்கிறேன் அண்ணி. ஒவ்வோர் அடியும் எழுதிக்கொள்கிறேன்.

பட்டயத்தை மேசைமேல் வைத்துவிட்டு இறங்குகிறேன். என் பிழையை இவ்வளவு நேரம் பொறுமையோடு கேட்ட அவைக்கும், அன்று லாரியில் ஏறிய இருபத்துமூன்று குடும்பங்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்!