அண்ணனுக்கு ஊசி

இல்ல சிஸ்டர், எனக்கு ஊசின்னா பயமெல்லாம் இல்ல. போடப்போறது எனக்கா? எங்க அண்ணனுக்கு. அவரைப் பாருங்க, காது மிஷினைக் கழட்டிச் சட்டைப் பைக்குள்ள போட்டுட்டு ராஜா மாதிரி உக்காந்திருக்காரு. நாம பேசுறது எதுவும் கேக்காது. அதான் தைரியமா கேக்குறேன், இதை இன்னைக்கே போடணுமா?

தெரியும், டாக்டர் சொன்னாரு. ரத்தத்துல ஏதோ விட்டமின் தரைமட்டத்துல இருக்காம். மறதிக்கு அதுதான் காரணமா இருக்கும், ஊசி போட்டா பழைய ஞாபகமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பலாம்னாரு. எல்லாம்னா எதுவரைக்கும் சிஸ்டர்? குத்துமதிப்பாச் சொல்லுங்களேன்.

சிரிக்காதீங்க. போன வாரம் டாக்டர் வெச்ச பரீட்சையை நீங்க பாத்திருக்கணும். கடிகாரம் வரையச் சொன்னா, அத்தனை நம்பரையும் ஒரே பக்கமா, பஸ்ல ஜன்னலோர சீட்டுக்கு அடிச்சுக்கிட்ட மாதிரி நெருக்கி வெச்சிருக்காரு. மறுபாதி எங்கேன்னு டாக்டர் கேட்டா, அது உங்க பக்கம், நீங்க வரைங்கன்னுட்டாரு. நூறுல இருந்து ஏழு ஏழாக் கழிக்கச் சொன்னாரு. எதுக்குக் கழிக்கணும், இருக்குறது இருந்துட்டுப் போகட்டுமேன்னு டாக்டருக்கே புத்தி சொல்றாரு.

கடைசியா என்னைக் காட்டி, இவர் யாருன்னாரு டாக்டர். என் தம்பி, தங்கமான பையன், சாயங்காலமானா இவன் வீட்லதான் கேரம் ஆடுவேன்னாரு. டாக்டர் சரின்னு டிக் போட்டாரு. அங்கதான் கோட்டை விட்டுட்டாரு. இருந்ததுலயே பெரிய தப்பு அதுதான்.

ஐய, தம்பிதாங்க. கூடப் பொறந்தவன்தான், பக்கத்து வீடுதான். ஆனா அவர் என்கூடப் பேசுறதில்லையே. மகள் கல்யாணத்துக்கே கூப்பிடல. அந்தப் பொண்ணோட பையனுக்கு இப்ப மீசை முளைச்சிருச்சு. என்ன சண்டையா? ரெண்டு வீட்டுக்கும் பொதுவா ஒரு கேட்டு போடலாம்னோம். அது உள்பக்கம் திறக்கணுமா, வெளிப்பக்கம் திறக்கணுமான்னு. கடைசி வரைக்கும் கேட்டே போடல. அந்த இடம் இன்னும் திறந்தேதான் கிடக்கு.

கொஞ்ச நாளைக்கு முன்னாடி, நேரா என் வீட்டுக்குள்ள வந்து, காயை அடுக்குடான்னு உக்காந்துட்டாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அண்ணி சுவருக்கு மேல தலையை நீட்டி, எதையும் கேட்டுத் தொலைச்சிடாதீங்கன்னு சைகையிலயே கெஞ்சுறாங்க. அன்னையிலிருந்து தினமும் வர்றாரு. ஒரே அழுகுணி ஆட்டம். நானும் சந்தோஷமாத் தோத்துக்கிட்டிருக்கேன். இந்த ஊசி வேலை செஞ்சா, அந்தக் கேட்டும் ஞாபகம் வந்துரும்ல?

இல்ல, இல்ல. இங்க கூட்டிட்டு வந்ததே நான்தான். அண்ணிகூட, இப்படியே இருக்கட்டும் தம்பி, வீடே கலகலன்னு இருக்குன்னாங்க. ஆனா ஒருநாள் ஆட்டம் முடிஞ்சு வெளிய போனவர், தெருவுல நின்னுக்கிட்டு, என் வீடு எதுடான்னு கேட்டு அழுதுட்டாரு. ரெண்டு எட்டு வெச்சா வீடு, சிஸ்டர். என் மூஞ்சியில முழிக்காட்டிப் பரவால்ல, தன் வீடு தெரிஞ்சு போய் உக்காரட்டும்.

போடுங்க. சட்டைக் கையை நான் மடிச்சு விடுறேன். கொஞ்சம் மெதுவா வேலை செய்யிற மாதிரி போடுங்க, அவ்வளவுதான். இன்னைக்கு சாயங்காலமாவது வரட்டும்.