மூன்றடித் தண்ணீர்

சாரல் காலத்தில் ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்தால் கல்லைத் தின்றாலும் செரித்துவிடும் சார். ஆடி மாதம் முழுக்க எனக்கு அப்படி ஒரு பசி. இங்கே ஸ்டேஷனில் வாங்கிக்கொடுத்த இட்லியைக்கூட ருசித்துத்தான் சாப்பிட்டேன். சட்னியில்தான் உப்பு கொஞ்சம் தூக்கல்.

நீங்கள் குளத்தைப் பற்றித்தானே கேட்டீர்கள். தென்காசிக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் ஊர்க் குளம் அரசுப் புறம்போக்கு. விவசாயிகள் வயலுக்குப் போட வண்டல் அள்ளிக்கொள்ளலாம். மூன்றடிக்கு மேல் தோண்டக் கூடாது, விற்கவும் கூடாது. எங்களுக்குக் கிடைத்த அனுமதியில் அப்படித்தான் இருந்தது. அதற்குக் கீழே கிடக்கும் கிராவல் மண் அரசாங்கச் சொத்து, அதை விற்க எவனுக்கும் உரிமை கிடையாது. நான் சட்டத்தை மதிக்கிறவன். அதனால் நிலத்தில் கைவைக்கவே இல்லை, அடியில் இருந்ததைத்தான் விற்றேன். சர்வேயரை விட்டு அளந்து பாருங்கள், அரசாங்கத்துக்கு ஒரு சென்ட் குறைந்திருக்காது.

சித்திரையில் ஜேசிபியை இறக்கினேன். என்ன அருமையான மண் தெரியுமா, தேங்காய்ப்பூ மாதிரி உதிரும். ரோடு போடுகிறவர்கள் லாரியோடு வரிசையில் நின்றார்கள். தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தது, நானும் நிறுத்தவில்லை. ஒரு தென்னையை நட்டால் குருத்துகூட வெளியே தெரியாது, அவ்வளவு பள்ளம். ஆனியில் சாரல் பிடித்தது, கால்வாயில் தண்ணீர் வந்தது, எல்லாவற்றையும் ஒரே மட்டமாக மூடிவிட்டது. எனக்கு மழையென்றால் சின்ன வயதிலிருந்தே பிரியம்.

ஆடியில் அம்மன் கொடை. மைக் செட்டு என் உபயம். கடைசி நாள் சாயங்காலம் பெண்கள் முளைப்பாரியைக் குளத்தில் கரைப்பார்கள். பாரியைத் தலையில் வைத்துக்கொண்டு, குலவைச் சத்தத்துக்கு நடுவே, இடுப்பளவு தண்ணீர் வரும்வரை திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். எங்கள் ஊர் வழக்கம் அது. முதல் பாரி வேல்விழியுடையது. புளியங்குடியில் வாக்கப்பட்டவள், இதற்காகவே வந்திருந்தாள். படித்துறையில் என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"அண்ணாச்சி, இங்கன மண்ணு அள்ளினீயளாமே. எறங்கலாமா? ஆழம் ஒண்ணும் இல்லியே?"

ஊரே சுற்றி நின்றது சார். இறங்காதே என்றால் ஏன் என்பார்கள். அப்புறம் எவ்வளவு தோண்டினாய், யாருக்கு விற்றாய் என்று வரிசையாக வரும். நல்ல நாளும் அதுவுமாக எதற்கு மனக்கசப்பு?

"மூணடிதான் தாயி. தைரியமா எறங்கு" என்றேன்.

சிரித்தாள். நன்றாகச் சிரிக்கிற பெண். பள்ளம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று எனக்குத் தெரியும். அவள் அதை நெருங்கும்போது மைக் செட்டுக்காரனிடம் சத்தத்தைக் கூட்டச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் பாரி மட்டும் மிதந்தது. பின்னால் வந்தவர்கள் நின்றுவிட்டார்கள், அந்தவரைக்கும் அம்மன் காப்பாற்றினாள்.

ஆமாம், தெரிந்தேதான் அனுப்பினேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எனக்கும் மனசு இருக்கிறது. அடுத்த கொடைக்குள் படித்துறையில் என் செலவில் ஒரு கம்பித் தடுப்பு போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். வேல்விழி நினைவாக என்று பெரிதாக எழுதச் சொல்வேன். அதற்குக் கீழே, உபயம் குற்றாலீஸ்வரன் என்று சின்னதாக இருந்தால் எனக்குப் போதும்.